ஆஸ்பத்திரி லைன்

திங்கட்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் கடையின் ஏசி நின்றது. நேரம் இவ்வளவு நிச்சயமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கோடை விடுமுறை. கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கார பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் தலையைத் தூக்கினேன். கண்ணில் பட்டது சுவர்க் கடிகாரம். அது பேட்டரியில் ஓடுவது. அந்த நிமிடம் கடையில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு முன் அந்தக் கடை அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஏசியின் உறுமல், பிலிம் கழுவும் மெஷினுக்குள் உருளைகள் சுற்றும் சத்தம், பக்கத்து மெஷின் படத்தை வெட்டித் தள்ளும் 'டக்'. எல்லாம் ஒன்றாக நின்றதும், தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ கன்னடத்தில் திட்டுவது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. அப்பா மெஷினின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பார்களே, அப்படி.

உள்ளே ஒரு கல்யாணத்தின் இரண்டு ரோல்கள் மருந்தில் முங்கிக் கிடந்தன. மூன்றேகால் நிமிடம்தான் அந்த மருந்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிலிம் கறுத்துவிடும். மூடியைத் திறந்தாலோ வெளிச்சம் பட்டு அந்த நொடியே எல்லாம் போய்விடும். கரண்ட் இல்லாதபோது கையால் சுற்றிப் பிலிமை நகர்த்துவதற்கென்று ஒரு இரும்புக் கைப்பிடி மெஷினோடு வந்திருந்தது. அது பெட்டியோடு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அப்பா வாய்க்குள் நொடிகளை எண்ணினார். இருநூறு வரை எண்ணியது கேட்டது. பிறகு நிறுத்திவிட்டார்.

ஐந்து நாற்பதுக்குத்தான் கரண்ட் வந்தது.

பிலிம் ரோலைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது வந்த குட்டிக் கறுப்பு டப்பாவில் நம் அம்மாக்கள் ஏலக்காய் போட்டு வைத்தார்கள். நாம் ஊக்குகளைப் போட்டுக் கிலுக்கினோம். உங்களில் சிலருக்கு என்னைப் போலவே வளைகுடாவில் ஓர் அப்பா இருந்திருப்பார். என் மகன் போன மாதம் வெளிநாட்டிலிருந்து பேசினான். படிப்பு முடிந்ததும் அங்கே வேலைக்குச் சேரப்போவதில்லையாம், பெங்களூருக்கே வந்து சொந்தமாக ஏதோ ஆரம்பிக்கப்போகிறானாம். நல்லது என்றேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. அவனுக்கு ஏன் என்று புரியாது. உங்களுக்குப் புரியலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா துபாயில் ஒரு கலர் லேபில் பதினோரு வருடம் மெஷின் ஓட்டினார். நான் நடக்கத் தொடங்கும் முன்பே போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, புலிப்படம் போட்ட கம்பளியும் பால் பவுடர் டின்னும் வாசனைச் சோப்புமாக வந்து நாற்பது நாள் இருப்பார். நான் ஏழாவது படித்த வருடம், நவம்பர் கடைசியில், இந்தத் தடவை திரும்பிப் போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். முற்றிலும் உண்மை என்று சொல்ல முடியாது. வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பழைய விசா செல்லும். ஒரு நாள் தாண்டினாலும் செத்துவிடும். அங்கிருந்த முதலாளி, மே மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன், சரிப்படாவிட்டால் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாஸ்போர்ட் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. பீரோ திறக்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

முதல் இரண்டு மாதம், அவர் போய்விட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்தாலும் விளக்கை அணைக்க மாட்டார். குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் வரும் என்று நம்பினார். என் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்று அம்மாவுக்கும் அவருக்கும் சின்னதாக ஒரு மனத்தாங்கல்.

கடை வந்த பிறகு அது மாறியது. பிரேசர் டவுனில், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இடம் பார்த்தார். இதே வாடகைக்கு அல்சூரில் இதைவிடப் பெரிய இடம் கிடைத்தது. அப்பா இந்தத் தெருவைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், இது ஆஸ்பத்திரி லைன். பெங்களூரில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் மதிப்புத் தெரியும். ஊரெல்லாம் லோட் ஷெட்டிங் என்று இருட்டில் கிடக்கும்போது, ஆஸ்பத்திரியோடு ஒரே லைனில் இருக்கும் தெருக்களில் மட்டும் மிக்சி ஓடும். அப்பா மின்சார ஆபீசுக்கே போய், ஒரு இன்ஜினியரிடம் இங்கிலீஷில் பேசி, அது உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டு வந்தார். ஆகவே ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பணத்தை ஏசியிலும் கண்ணாடிக் கதவிலும் போட்டார். துபாயில் கடை என்றால் குளுகுளுவென்று இருக்கும், கதவைத் தள்ளினால் சத்தம் வராது. அவருக்குக் கடை என்றால் அதுதான்.

பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பாய் திறப்பு விழாவன்றே சொல்லிப் பார்த்தார்.

“ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடுங்க ஜி. இங்க கரண்ட் வீட்டு மாப்பிள்ள மாதிரி. வரும், சாப்பிடும், சொல்லாம எந்திரிச்சுப் போயிடும்.”

அப்பா சிரித்தார். “ஆஸ்பத்திரி லைன் பாய்,” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் அப்பாவும் நானும் பழகினோம். மெஷினிலிருந்து ஈரமும் சூடுமாகப் படங்கள் ஒவ்வொன்றாக விழும். புளித்த மருந்து வாடை மூக்கில் ஏறும். யார் யாரோ. அல்சூர் ஏரிக்கரையில் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கும் புதுத் தம்பதிகள், மொட்டையடித்த குழந்தைகள், ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நிற்கும் அண்ணன்கள். நாங்கள் அவர்களுக்குப் பெயர் வைப்போம். சிரிக்கச் சொன்னால் முகத்தை இறுக்கிக்கொள்ளும் ஒருவருக்கு நான் 'பல்வலி மாமா' என்று வைத்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு நாள் ஏதோ வீட்டுக் குழந்தை கேக் வெட்டும் படங்கள் வரிசையாக விழுந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“பதினோரு வருஷமா ஊர்ப்பட்ட பிள்ளைங்க கேக் வெட்டறத இப்படித்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் பாப்பா. ஒரு நாளைக்கு எட்டு, பத்து.”

அன்றைக்குப் பிறகு அவர் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த வருடம் எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக நினைவில்லை.

மார்ச் மாதம், பரீட்சைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி மதிலோரம் கூட்டம் நின்றது. புத்தம் புது ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வேலிக்குள் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். லைன்மேன் தேங்காய் உடைத்தார். “தகோ மரி,” எடுத்துக்கோ குட்டி என்று கன்னடத்தில் சொல்லி, என் கையிலும் ஒரு மைசூர்பாகு வைத்தார். நான் தின்றுகொண்டே போய்ப் பரீட்சை எழுதினேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னது மைசூர்பாகைப் பற்றித்தான். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, எங்கே, எந்தப் பக்க மதில், யார் யார் நின்றார்கள் என்று கேட்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். “ஏங்க, ஆஸ்பத்திரிக்குத் தனியா ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுட்டாங்களாம். அப்ப நம்ம தெரு எந்த லைன்ல இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க.”

“இன்ஜினியர்கிட்ட நானே பேசியிருக்கேன். பூஜை போட்டா லைன் மாறிடுமா?”

அம்மா குழம்பை ஊற்றினாள். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. எதையும் இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றால் மனிதர்கள் அப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலும். அன்றைக்கு அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படித்தான் பதினோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிகிறது.

மே மாதம் வெயில் ஏறி, அந்தப் பகுதிக்கு லோட் ஷெட்டிங் தொடங்கிய முதல் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிக்குத் தனி லைன் ஆகிவிட்டது, எங்கள் தெரு ஊரோடு சேர்ந்துவிட்டது.

கல்யாணம் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த குடும்பத்தில். பெண்ணின் அப்பா ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, இருபது நாளில் லீவு முடிகிறது. படம் எடுத்த போட்டோகிராஃபர் அதுவரை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கழுவிக்கொண்டிருந்தவர். அப்பாவை நம்பி முதல் தடவையாக ஆறு ரோல்களை எங்களிடம் கொடுத்திருந்தார். கோவிலில் எடுத்த இரண்டும் காலையிலேயே நன்றாக வந்துவிட்டன. இரண்டு இன்னும் மெஷினில் போடப்படவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டும் ரிசப்ஷன் மேடை.

மேடைப் படம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் சிம்மாசனம் போன்ற நாற்காலிகளுக்கு முன்னால் நிற்பார்கள். சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று மேலே ஏறி, பரிசை நீட்டியபடி கேமராவைப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஒரு படம்தான் அத்தாட்சி. ஆல்பத்தில் தான் இல்லை என்றால், அழைத்துவிட்டு அவமானப்படுத்தினார்கள் என்றுதான் அர்த்தம்.

அப்பா அந்த இரண்டு ரோல்களையும் வெளியே எடுத்தபோது தார் போல இருந்தன. விளக்குக்கு நேரே பிடித்தால் எங்கோ ஒரு மாலையின் விளிம்பு தெரிந்தது.

ஆறு மணிக்குப் போட்டோகிராஃபர் வந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பா, “மருந்து மாத்தணும் தம்பி, நாளைக்கு வாங்க,” என்றார். எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு, பெரியவர்கள் இப்படித்தான் நேரம் வாங்குவார்கள், அதற்குள் சரி செய்துவிடுவார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். செவ்வாயும் புதனும் அந்தக் கறுப்புப் பிலிமைப் பிரிண்ட் மெஷினில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்த்தார். மணலைத் தூவியது போன்ற சாம்பல் நிறத் தாள்கள் குப்பைக்கூடையில் நிறைந்தன. ஒன்றில் மட்டும் நாலைந்து பற்கள் தெரிந்தன. யாரோ நன்றாகச் சிரித்திருக்கிறார்கள்.

போட்டோகிராஃபர் இரண்டு தடவை வந்து போன பிறகு, பெண்ணின் அப்பாவே வரத் தொடங்கினார். புதன் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை. அப்பா ஒவ்வொரு தடவையும் வேறொரு காரணம் சொன்னார். சனிக்கிழமை, கண்ணாடி வழியாக அவர் தெருவைக் கடப்பதைப் பார்த்ததும், “பாப்பா, அப்பா இல்லன்னு சொல்லிடு,” என்றுவிட்டு மெஷின் அறைத் திரைக்குப் பின்னால் போனார்.

பெண்ணின் அப்பா மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா இருக்காராம்மா?”

“இல்ல அங்கிள். வெளிய போயிருக்கார்.”

அந்தப் பழுப்புத் திரை தரைக்கு ஒரு ஜாண் மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, தங்க நிற பக்கிள் வைத்த அப்பாவின் துபாய்ச் செருப்பு. அந்தத் தெருவிலேயே வேறு யாரிடமும் கிடையாது. செருப்புக்குள் கால்கள் இருந்தன. பெண்ணின் அப்பாவின் பார்வை அங்கே போனதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“வந்தா சொல்லும்மா, நான் வந்தேன்னு.”

கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் நிறைய. இந்த ஒன்றைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு மனிதர் பொய் என்று தெரிந்தே, ஒரு குழந்தைக்காக அதை ஏற்றுக்கொண்டு படியிறங்கிப் போனார். நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு, அப்பாவின் பக்கத்தையும் யோசித்துப் பார்க்கிறேன். திரைக்குப் பின்னால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார். வெளியே வந்தபோது என்னிடம், “போயிட்டாரா?” என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று மாலை அப்பா பாயின் பூத்துக்குள் நின்று துபாய்க்குப் பேசினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஹிந்தியில் பேசினார், எனக்குப் புரிந்தது 'பீஸ் தாரீக்' மட்டும்தான். இருபதாம் தேதி. வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டைப் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் குளிக்கப் போனதும் நான் அம்மாவிடம் செருப்பு விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டாள், ட்ரான்ஸ்ஃபார்மரைப் பற்றிக் கேட்ட அதே மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில், பெண்ணின் குடும்பம் நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்பா கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார். அம்மா போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் அப்பாவிடம் நேராகப் போனாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். இடையில் ஒரு தடவை கூட மன்னிப்பு என்று சொல்லவில்லை. எதையும் குறைக்கவும் இல்லை. வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார் என்பதையும் சொன்னாள்.

“செருப்ப நான் பார்த்தேன்மா,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “படம் போனது போகட்டும். அன்னைக்கு மழை பெஞ்சிருந்தா எடுத்தே இருக்க மாட்டோம். ஆனா அறுபது வயசுக்காரன மூணு தடவ படியேற வச்சாரு பாருங்க. மேடைல ஏறினவங்க எல்லாம் ஆல்பம் எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?”

“எங்க கடை பேரச் சொல்லுங்க. கரண்ட் போகும்னு தெரியாம மெஷின் போட்டவங்கன்னு சொல்லுங்க.”

அவர் அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடும்பத்தோடு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் போட்டோகிராஃபர் வந்தார். அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கழுவாத இரண்டு ரோல்களையும் திருப்பி வாங்கிக்கொண்டார். “உங்களுக்கு ஒரு மெஷின் போனா இன்னொரு மெஷின், அண்ணே. எனக்கு இருக்கறது பேரு மட்டும்தான்,” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் இரண்டு வருடம் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பார். அதில் தவறில்லை.

அந்த வாரம் கடைக்கு யாரும் வரவில்லை என்றே சொல்லலாம். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஓரிருவர் வந்தார்கள். பாஸ்போர்ட் சைஸ் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. அப்பா ஷட்டரைத் திறக்க மனமில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாதான் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தாள். பரணிலிருந்து அந்த இரும்புக் கைப்பிடியை இறக்கி, மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். தினமும் காலை பாயின் பூத்திலிருந்து மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள். இன்ஜினியரைக் கேட்கவில்லை, லைன்மேனைக் கூப்பிடச் சொன்னாள்.

“இவத்து எஷ்டு கண்டெகே தெகீத்தீரா அண்ணா?” இன்று எத்தனை மணிக்குக் கரண்ட்டை எடுப்பீர்கள் என்று, பால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதைப் போலக் கேட்டாள். அவரும் சொன்னார். என் பழைய சிலேட்டில் அந்த நேரத்தை எழுதி மெஷினுக்கு நேர் எதிரே மாட்டினாள்.

புதன்கிழமை அப்பா மெதுவாகக் கடைக்கு வந்தார். சிலேட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருந்தபடி இரண்டு மணிக்குக் கரண்ட் போனதையும், மூன்றரைக்கு வந்ததையும் கடிகாரத்தில் சரிபார்த்தார்.

“யார்கிட்டக் கேக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் பதினோரு வருஷமா இங்கதானே இருக்கேன்.”

அம்மா இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவே. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் சட்டைப் பையில் சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. இருபதாம் தேதிக்கு இன்னும் ஆறே நாள். டிக்கெட் சொல்லியாகிவிட்டது, போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. வியாழனும் வெள்ளியும் போய் வாங்கவில்லை. சனிக்கிழமை போகிறேன் என்றார். நான் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் அவர் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினேன்.

சனிக்கிழமை பதினோரு மணிவாக்கில் அப்பா டிராவல்ஸ் ஆபீசுக்குக் கிளம்பச் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார். அப்போது கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குடையை ஊன்றியபடி ஒரு அம்மாள் இறங்கினார். முட்டி மடங்கவில்லை, மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏசிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேசினார். கல்யாணப் பெண்ணின் அத்தை. பெண்ணின் அப்பாவுக்கு அக்கா. தங்கவயலில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார்.

துணிப்பையிலிருந்து துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சின்னக் கேமரா.

“வரிசையில நிக்க முட்டி விடல. முதல் வரிசையில நாற்காலி போட்டுக் கொடுத்துட்டாங்க. சும்மா உக்காந்து என்ன பண்றது? மேடை ஏறினவங்களை எல்லாம் எடுத்தேன். எல்லாரும் இல்ல. முக்கால்வாசிப் பேர் இருப்பாங்க.”

அப்பா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏன் இத்தனை நாள் கழுவக் கொடுக்கவில்லை என்று அம்மா கேட்டாள்.

“ரோல் முடியலையேம்மா. கிறிஸ்மஸ்ல மிச்சத்தை எடுத்துக்கலாம்னு வச்சிருந்தேன்.”

நாம் யாரும் சிரிக்க மாட்டோம். ஒரு ரோல் என்றால் முப்பத்தாறு. முப்பத்தாறும் முடியாமல் கேமராவைத் திறக்கிற வீடு அந்தக் காலத்தில் எது? ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் ஒரே ரோலில் அடுத்தடுத்து இருக்கும்.

அப்பா கேட்டார். “உங்க தம்பிக்குத் தெரியுமாம்மா, இத இங்க கொண்டு வந்தது?”

“அவன்தான் போன் பண்ணி, அக்கா உன் ரோல் எங்கன்னு கேட்டான். கோவக்காரன், இன்னும் ரெண்டு மாசம் உங்ககிட்டப் பேச மாட்டான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல குடுத்துடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அந்தக் கடையிலயே குடு, இனிமே அந்த ஆளு கரண்ட்ட கேக்காம மெஷின்ல கை வைக்க மாட்டான்னான்.”

அம்மா திரும்பிச் சிலேட்டைப் பார்த்தாள். “ஒரு மணி வரைக்கும் இருக்கும்,” என்றாள்.

“அவசரமில்ல. நான் இன்னைக்கே திரும்பணும். மறுபடி இந்தப் பக்கம் வர்றது ஜூன் கடைசியிலதான். கண் டாக்டர் வரச் சொல்லியிருக்கார். அப்ப வந்து நானே வாங்கிக்கறேன். வேற யார் கையிலயும் குடுக்காதீங்க.” அத்தை கேமராவின் தூசியை முந்தானையால் துடைத்தபடி, அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். “ஜூன் கடைசியில இருப்பீங்க இல்ல?”

நான் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. கல்லா மேசையில் இருந்த கவர்களை அடுக்கினாள்.

“இருப்பேன்மா,” என்றார் அப்பா.

“அப்ப சரி. இன்னும் ஆறு பாக்கி இருக்கு, வீணாக்க மனசு வரல. அந்தக் கதவுகிட்ட வெளிச்சம் நல்லா இருக்கு. போய் நில்லுங்க. நீங்க மட்டுமில்ல, மூணு பேரும். கிட்ட வாங்க, இன்னும் கிட்ட.”